தைராயிடு மாத்திரையின் அளவை நிர்ணயிப்பது எங்ஙனம்?

மிகச் சிறிய அளவிலேயே உட்கொள்ள வேண்டிய மருந்துகள் சில உள. தைராயிடு சுரப்பியின் குறைபாட்டிற்குத் தரப்படும் லீவோதைராக்சின் அவற்றுள் ஒன்று. 100 மைக்ரோகிராம் என்று குறிக்கப்பட்ட மாத்திரையில் அடங்கியுள்ள மருந்து, ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கேயாகும். அதில் கால் பங்கு கூடினாலும் குறைந்தாலும் சில வாரங்களில் இரத்தப் பரிசோதனையின் முடிவு மாறிவிடும். இந்தியாவில் இலட்சக்கணக்கானோர் இம்மருந்தை ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டியவராயுள்ளனர். ஆகவே, அளவை எப்பொழுது மாற்றுவது, எதைச் சான்றாகக் கொண்டு மாற்றுவது என்பவை பொதுமக்களும் அறிந்திருக்கவேண்டிய செய்திகளாகும்.

இவ்விஷயத்தில் இருவகைப் பழக்கங்கள் காணப்படுகின்றன. சோதனைச்சாலை தந்த எண் வரம்பைச் சற்றே கடந்திருந்தாலும் உடனே மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ ஒன்று. நோயாளி களைப்பு என்று சொன்னவுடன், எண்ணைப் பொருட்படுத்தாது மருந்தைக் கூட்டுவது மற்றொன்று. இவை இரண்டும் நோயாளிக்குத் தீங்கு பயக்கக்கூடும்.

மூளையின் அடியில் அமைந்துள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் தைராக்சின் எவ்வளவு உள்ளது என்பதை இடைவிடாது கவனித்து வருகிறது. அது குறைந்தால் தைராயிடைத் தூண்டும் ஹார்மோனை மிகுதியாக வெளியிடுகிறது. மிகுந்தால் அதனைக் குறைத்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். எனப்படுவது இத்தூண்டு ஹார்மோனே. தைராக்சின் பாதியாகக் குறையுமாயின் டி.எஸ்.எச். பன்மடங்கு, சில வேளைகளில் நூறு மடங்கு வரையிலும், உயரக்கூடும். ஆகவே சிறு குறைபாட்டையும் இச்சோதனை காட்டிக்கொடுக்கிறது. வயது வந்தோருக்கு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லியூனிட் வரை இருப்பது இயல்பு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இச்சோதனை தோன்றுமுன் வைத்தியர்கள் என்ன செய்தனர் என்பதை அறிவது பயனுடையது. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் வைத்தியர், 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராயிடுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். முகவீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அப்பெண்மணி 1919 வரை உயிர் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டால் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் அதனைச் செயற்கையாகத் தயாரித்தனர். அக்காலத்தில் எல்லாம் வீக்கம், நாடித் துடிப்பு, எடை, சுறுசுறுப்பு ஆகியவற்றைக் கொண்டே அளவு முடிவு செய்யப்பட்டது. 1960-களில் டி.எஸ்.எச்.-ஐ அளக்கும் முறை கைவந்து, பின்னர் மருத்துவமனைகளில் பரவியபோது, நோயாளிகள் பலர் தேவைக்கு மிகுதியாகவே மருந்தை உட்கொண்டிருந்தனர் என்பது வெளிப்பட்டது. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் பெற்றவர்களின் அளவு அதன் பின்னரே குறைக்கப்பட்டது. அறிகுறிகளை மட்டும் நம்பினால் கை தாராளமாகிவிடும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

அங்ஙனமாயின் எண்ணையே முழுதும் நம்பிவிடலாமா? அதுவும் இயலாது. நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி நாள்தோறும் 75 மைக்ரோகிராம் உட்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். டி.எஸ்.எச். 9 என்று முடிவு வருகிறது. அளவு 100 ஆக உயர்த்தப்படுகிறது. ஆனால் அவர் மாத்திரையைக் காலைக் காப்பியுடனேயே விழுங்கி, அடுத்த சில நிமிடங்களில் இரும்புச்சத்து மாத்திரையையும் உட்கொண்டு வந்தார் என்பதை எவரும் கேட்டறியவில்லை. காப்பி, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவை தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடை செய்பவை. பிறிதொரு நாள் யாரோ சொல்லக் கேட்டு, அவர் வெறும் வயிற்றில் நீருடன் உட்கொள்ளத் தொடங்குகிறார். இப்பொழுது 100 மைக்ரோகிராமும் நன்கு உறிஞ்சப்படுகிறது. படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. குறைபாடு மருந்தின் அளவில் இல்லை. உட்கொண்ட முறையில் இருந்தது.

எண்ணை மயங்கச் செய்யும் காரணங்கள் வேறும் உள. டி.எஸ்.எச். இரவில் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருப்பது இயற்கை. ஆதலின் ஒரு முறை காலையிலும் மறு முறை பிற்பகலிலும் எடுத்த இரத்தத்தை ஒப்பிடுவதால் தெளிவு பிறவாது. முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில சோதனை முறைகளில் பொய்யான முடிவைத் தருகின்றன. கடும் காய்ச்சல் முதலிய நோய்களாலும் எண் தற்காலிகமாக மாறும். பிட்யூட்டரி சுரப்பியே பழுதுற்றவர்களிடம் டி.எஸ்.எச். வழிகாட்டாது, அவர்களுக்குக் கட்டுறாத தைராக்சினின் அளவையே நோக்கவேண்டும்.

காலத்தைப் பற்றியும் கவனம் தேவை. தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகின்றன. ஆதலின் புதிய அளவு உடலில் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் வேண்டும். அளவை மாற்றிய பத்தாம் நாளில் சோதித்துப் பார்த்து, மீண்டும் மாற்றுவது பயனற்றது. ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துச் சோதிப்பதே முறை.

அறிகுறிகளுக்கு வருவோம். களைப்பு, முடி உதிர்தல், எடை கூடுதல், மறதி, மலச்சிக்கல் ஆகியவை தைராயிடுக் குறைவின் அடையாளங்களே. ஆயின் இரத்தச்சோகையும், மன வாட்டமும், வைட்டமின் பி12 குறைவும், தூக்கமின்மையும் இதே முறையீடுகளில் பலவற்றைத் தோற்றுவிக்கும். 2019-21-இல் நடைபெற்ற தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். டி.எஸ்.எச். 2 என்ற அளவில் இருக்கும் ஒரு பெண்மணி களைப்பென்று வந்தால், தைராக்சினைக் கூட்டுமுன் அவரது ஹீமோகுளோபினைச் சோதிப்பதே அறிவுடைமை. மேலும், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மருந்தளவைச் சிறிதளவு மாற்றியபோது டி.எஸ்.எச். மாறியதேயன்றி, நோயாளிகளின் உடல்நல உணர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மிகுதியான மருந்து தீங்கற்றதன்று. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் அறுபது வயதிற்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1994-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, டி.எஸ்.எச். 0.1-க்கு மேற்படாதவர்களிடம், பத்தாண்டுகளுக்குள் இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாகத் தோன்றியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதும் உண்டு. இக்காரணம் பற்றியே முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல உயர்த்துகின்றனர்.

கருவுற்ற பெண்களின் நிலை மட்டும் வேறு. முதல் மாதங்களில் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே சார்ந்துள்ளது. தாயின் தேவையோ தொடக்க வாரங்களிலேயே நூற்றுக்கு 25 முதல் 50 பங்கு வரை உயர்கிறது. இங்குத் தயக்கம் தகாது. கருவுற்றது உறுதியானவுடனே வைத்தியரை அணுகி, ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை சோதித்துக்கொள்ளவேண்டும்.

இவற்றிற்கெல்லாம் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. ஒழுங்கான குறிப்பே வேண்டும். கருவுற்ற தாய்மார்களுக்குத் தாய் சேய் பாதுகாப்பு அட்டை வழங்கப்படுவது போல, தைராயிடு நோயாளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஓர் எளிய அட்டையை வழங்கலாம். மருந்தின் அளவு, அது மாற்றப்பட்ட தேதி, உட்கொள்ளும் நேரம், உடன் உண்ணும் பிற மருந்துகள், எடை, நாடித் துடிப்பு, முறையீடுகள், சோதனை முடிவு ஆகியவை அதில் வரிசையாக எழுதப்படுதல் வேண்டும். சோதனைச்சாலைகளும் இரத்தம் எடுத்த நேரத்தை முடிவுத் தாளில் தவறாது பொறிக்கவேண்டும். எண் இயல்பு நிலைக்கு வந்தது மாத்திரையால்தான் என்பதை உணராமல், நலமாகிவிட்டதென்று தாமாகவே நிறுத்திவிடுவோர் பலர். அவ்வாறு நிறுத்தலாகாது என்பதையும் அட்டையிலேயே அச்சிடலாம்.

அத்தகைய அட்டை முன்னே இருப்பின், அளவைக் கூட்டச் சொல்லும் நோயாளிக்கும், எண்ணைக் கண்டு பேனாவை எடுக்கும் வைத்தியருக்கும் ஒரு கணம் நிதானிக்க இடம் கிடைக்கும். மாத்திரையின் நிறம் மாறுமுன் காப்பியின் நேரம் மாறவேண்டுமா என்பது அப்பொழுது விளங்கும்.