ஓரிரவு தங்கிய ஊரும் ஒரு நாள் சுற்றுலாவும்

'ஒரு நாள் காஞ்சி' சுற்றுலாவின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் கோயில்கள். நடுவில் காந்தி ரோட்டில் பட்டுக்கடை. நேரமிருந்தால் ஓரிக்கை மணிமண்டபம். கோபுரத்தின் உயரம் சொல்வார்கள், தூண்களின் எண்ணிக்கை சொல்வார்கள். சாதியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது.

ஓரிக்கை என்ற பெயருக்கு வைணவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுத் துரத்துகிறான். அவனோடு அவன் குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்ப, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போகிறார். அவர்கள் அன்றிரவு தங்கிய 'ஓரிரவு இருக்கை'தான் ஓரிக்கை. அந்த ஆழ்வார் பிரம்பறுத்துப் பிழைத்த ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதும், அவரைக் கண்டதும் பெரும்புலியூர்ப் பார்ப்பனர்கள் வேதம் ஓதுவதை நிறுத்தினார்கள் என்பதும் அதே வைணவ மரபின் கதைதான். இந்தப் பகுதி மட்டும் சுற்றுலாவில் காணாமல் போய்விடுகிறது.

நமக்குப் புராணம் வரலாறு அல்ல. ஆனால் அவர்களுடைய புராணமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அந்த ஊரில் 2011-இல் திறந்த கருங்கல் மண்டபம் யாருக்கு? சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதிக்கு. 'தெய்வத்தின் குரல்' தொகுதிகளைப் புரட்டுங்கள். பிறப்பால் தொழில் என்னும் வர்ண தர்மத்துக்கு வக்காலத்து வாங்கியிருப்பார். கல்லின் அழகைக் காட்டுகிறவர்கள், அது எந்தக் கருத்துக்கு மகுடம் சூட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டாமா?

"சுற்றுலாவில் எதற்குச் சாதி?" என்று கேட்பவர்கள் கருவறையை எட்டிப் பார்க்கட்டும். ஒடுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் நுழைய 1947-இல் சட்டம் தேவைப்பட்டது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் 1970-இல் வந்தது. பல சாதிகளிலிருந்து பயிற்சி முடித்த 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டு நீதிமன்றப் படிகளிலேயே கழிந்தது. சாதியை நாம் உள்ளே இழுத்து வரவில்லை. அது ஏற்கெனவே உள்ளேதான் நிற்கிறது.

பட்டுக்கடையிலும் இதே மௌனம்தான். கோர்வை போட ஒரு தறியில் இரண்டு பேர் உழைக்க வேண்டும்; ஒரு சேலை முடியப் பத்து, பதினைந்து நாள் பிடிக்கும். பட்டும் சரிகையும் முதலாளியுடையது, நெசவாளிக்குக் கூலி மட்டும். சேலை விலையை ஆயிரங்களில் சொல்லும் கடைக்காரரிடம், அதில் நெசவுக் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

வழிகாட்டியைத் திட்டிப் பயனில்லை. அவர் பிழைப்பு அது. பட்டியலைத் தயாரிக்கும் சுற்றுலாத் துறையைத்தான் கேட்க வேண்டும். யுவான் சுவாங் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களைப் பதிவுசெய்த நகரம் இது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டு, 1925 நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய மாநாடு நடந்த நகரம். அண்ணா பிறந்த நகரம். கோயில் காஞ்சிக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள், இந்தக் காஞ்சிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கட்டும்.

அதுவரை, தோழர்களே, காஞ்சிக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள். கருவறையில் யார் நிற்கிறார்? தறியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? தெருவை யார் கூட்டுகிறார்? இந்த மூன்று பதில்களும் கிடைத்தால் காஞ்சியைப் பார்த்துவிட்டீர்கள்.