கூரையின் விலை

ஒரு வீட்டிற்கு ஆகும் செலவு, அதைக் கட்டி முடித்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. அதில் வாழும் நாளெல்லாம் நாம் அதற்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். இவ்வுண்மையை நன்கு உணர்த்துவது கூரையே ஆகும்.

கோடையில் காங்கிரீட்டுத் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவெல்லாம் அதனை உமிழ்கிறது. தெருவில் இளங்காற்று வீசும் நள்ளிரவிலும் மாடி அறையில் உறக்கம் வாராமைக்குக் காரணம் இதுவே அன்றோ? மின்விசிறியும் குளிரூட்டும் பொறியும் ஓய்வின்றி இயங்குகின்றன, மின்கட்டணம் ஏறுகிறது.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் தளத்தில், தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கினர். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, இடித்து இறுக்கி, தட்டோடு பதித்தனர். இன்றோ, செலவைச் சுருக்க விரும்புவோர் முதலில் கைவிடுவது கூரையின் மேலடுக்கையே!

வெப்பத்தைத் தடுக்கும் வழிகள் பல. வெண்பூச்சு மலிவானது, எனினும், தூசியும் பாசியும் படியப் படிய அதன் திறன் குன்றும். அதனைக் கழுவுதலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூசுதலும் வேண்டும். நுரைப்பலகை மெல்லியது, திறன் மிக்கது. ஆனால், நீர் புகாதவாறு அதனைக் காத்தல் வேண்டும். சுண்ணாம்பு ஜல்லித் தளத்திற்குக் கூலியும் எடையும் மிகுதி. செம்மையாக அமைத்தால் பல்லாண்டு நிலைக்கும். ஆகவே, ‘இன்று எவ்வளவு?’ என்று கேட்பது போதாது. ‘இருபது ஆண்டுகளில் எவ்வளவு?’ என்று கேட்டல் வேண்டும். முதற்செலவு, பராமரிப்பு, மின்கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்ப்பதே நேரிய கணக்கு.

இக்கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. வாடகை வீட்டில், கூரைக்குச் செலவிட வேண்டியவர் வீட்டுக்காரர். வெப்பத்தில் வாடி மின்கட்டணம் செலுத்துபவரோ குடியிருப்பவர். ஆதலின், தனிமனிதரின் விருப்பத்திற்கே இதனை விட்டுவிடுதல் தகாது. இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, குடியிருப்புகளின் கூரை வழியே வெப்பம் புகுவதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. தெலங்கானா அரசு 2023ஆம் ஆண்டில் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. இவை ஏட்டளவில் நில்லாது வீடுதோறும் நடைமுறைக்கு வருதல் வேண்டும். தாமே செலவிட இயலாத ஏழையர்க்கு அரசு துணை நிற்றலும் வேண்டும்.

மாணவர்களே! நண்பகலில் உங்கள் பள்ளியின் மேல்மாடி அறையிலும் கீழ்த்தள அறையிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, கூரைக்கு நாம் செலவிடத் தயங்கியதன் விலையை உங்களுக்குச் சொல்லும்.