ஆறிய காயமும் ஆறாத வலியும்



தொப்பூர் கணவாயில் விபத்து என்னும் செய்தி அதியமான்கோட்டையில் வாழும் நமக்குப் புதிதன்று. காயமுற்றவரை நலம் விசாரிக்கிறோம், துஆச் செய்கிறோம். மாவுக்கட்டைப் பிரித்ததும் நம் கடமை முடிந்தது என எண்ணிவிடுகிறோம். ஆனால் சிலருக்குச் சோதனை அதன் பிறகே தொடங்குகிறது.

எலும்பு கூடியிருக்கும், கையோ காலோ நெருப்பிலிட்டதுபோல் எரியும். துணி உரசினாலும், காற்றுப் பட்டாலும் தாங்க இயலாது. வீக்கம், நிறமாற்றம், மிகுந்த வியர்வை, ஒரு கை மற்றதைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருத்தல் ஆகியவையும் காணப்படும். இதனை மருத்துவர்கள் சி.ஆர்.பி.எஸ். என்கின்றனர். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இத்தகைய எரிவலியை வெயர் மிட்செல் என்னும் மருத்துவர் கண்டு எழுதினார். மணிக்கட்டு முறிவுக்குப் பின்னரும், சில வேளைகளில் வெறும் சுளுக்குக்குப் பின்னரும் இது வரலாம், பெண்களுக்கே மிகுதி. காயம் ஆறிய பின்னும் நரம்புகளும் மூளையும் வலிச் செய்தியை நிறுத்தாமையே இதன் தன்மை. இதை உறுதி செய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்கிறார்.

இங்கேதான் நாம் தவறுகிறோம். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே, வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள்" என்று வீட்டு மருமகளைப் பேசுகிறோம். சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஓர் உறுப்பு நோயுற்றால் முழு உடலும் உறக்கமின்றித் தவிப்பதுபோல் முஃமின்கள் இருக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

வலியை வெளியே சொல்வது பொறுமைக்கு முரண் என்பாரும் உளர். அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அவர்களையே பொறுமையாளர் என்று அல்லாஹ் புகழ்கிறான். முறையிடுவதும் பொறுமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வணக்கத்திலும் மார்க்கம் எளிமை தருகிறது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் பட்டாலே துடிப்பவர், உளூவுக்கான சலுகைகளைத் தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும். ஜும்ஆ முடிந்து ஒருவர் முஸாஃபஹாவுக்குக் கை நீட்டவில்லையெனில், கர்வம் என எண்ணாமல் ஸலாமோடு நிறுத்திக்கொள்வோம்.

மருந்தின்றி நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து. எனவே தாயத்தைத் தேடி மாதங்களைக் கழிக்காமல், தொடக்கத்திலேயே எலும்பு மருத்துவரையோ வலி மருத்துவரையோ காண வேண்டும். வலிக்கு அஞ்சி உறுப்பை அசைக்காமலே வைத்திருந்தால் அது மேலும் இறுகும். தக்க பிசியோதெரபியே சிகிச்சையின் அடிப்படை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன், உறுப்பிழந்தோரின் வலிக்கென உருவாக்கிய கண்ணாடிப் பயிற்சியும் இந்நோயில் பயன்படுத்தப்படுகிறது.

இப்பயிற்சிகளுக்கு மாதக்கணக்கில் உடனிருப்போர் தேவை. அவர் வலியை நம்பி, வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டு, மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வோம். நலம் விசாரித்தலின் முழுமை அதுவே. அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.