பெயர் தேடும் ரோஜாக்கள்

திருச்செந்தூர் முருகன் கோயிலில் திருநீற்றைப் பன்னீர் இலையில் வைத்துத் தருவர். அது பன்னீர் மரத்தின் இலை. தாமிரபரணிக் கரையிலுள்ள வண்ணார்பேட்டை போன்ற ஊர்களின் வீட்டு முற்றங்களிலோ பன்னீர்ப்பூ என்றால் அது ரோஜா; இளஞ்சிவப்பு நிறமும் செறிந்த இதழ்களும் நல்ல மணமும் உடைய சிறுபூ. ஒரே சொல் இரு செடிகளைச் சுட்டுகிறது. பேச்சு வழக்கில் இதனால் குழப்பம் விளைவதில்லை. தோவாளைப் பூச்சந்தையில் பன்னீர் ரோஜா கேட்பவருக்கு எவரும் மரத்து இலையை அளந்து தருவதில்லை. ஆயினும், முற்றத்தில் நிற்கும் பழஞ்செடி எந்த வகையைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது, பட்டுப்போனால் அதற்கு ஈடு எங்கே கிடைக்கும் என்னும் வினாக்கள் எழும்போது அச்சொல் போதாமற்போகிறது.

இவ்வினாக்கள் வீண் ஆராய்ச்சி அல்ல. தோட்ட ரோஜாவை விதையிட்டு வளர்த்தால் தாய்ச்செடியின் இயல்பு மாறிவிடும். குச்சி நட்டோ பதியன் போட்டோ ஒட்டுக் கட்டியோதான் ஒரு வகையை அப்படியே காக்க இயலும். ஆகவே, பழைய ரோஜா ஒன்று இன்று உயிருடன் இருக்கிறதென்றால், அதன் கிளையைத் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் வெட்டி நட்டிருக்கிறார் என்பது பொருள். பழைய வீட்டை இடித்து முற்றத்திற்குச் சிமெண்ட் பூசும் நாளில் அச்சங்கிலி அறுகிறது. எந்த வகை அழிந்தது என்றுகூட எவருக்கும் தெரியாமற்போவதே பேரிழப்பு. நெல்லையின் கோடையைத் தாங்கிப் பல்லாண்டு பூக்கும் செடி எளிதில் கிடைப்பதன்று. வெப்பநாட்டிற்கேற்ற ரோஜாக்களை உருவாக்கக் கொடைக்கானலில் விரு வீரராகவன், கிரிஜா வீரராகவன் இணையர் இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு பல்லாண்டுகள் உழைத்துள்ளனர். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரையும் தம் ரோஜா ஒன்றுக்குச் சூட்டினர்.

பன்னீர் ரோஜாவை டமாஸ்க் ரோஜா என்று எழுதுவோர் பலர். பன்னீர் வடிக்கப் பயன்படுவது டமாஸ்க் என்பதால் எழுந்த முடிவு இது. ஆனால், வட இந்தியாவில் அத்தருக்காகப் பயிரிடப்படும் டமாஸ்க், குளிர்காலம் கழிந்ததும் ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடும். தென்தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர்காலம் என்று சொல்லத்தக்கது ஏது? இங்கே ஆண்டு முழுவதும் பூக்கும் செடி வேறொன்றாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு வேளாண் நூல்கள் பன்னீர் ரோஜாவை ‘எட்வர்ட் ரோஜா’ என்றே குறிக்கின்றன. அப்பெயரின் பின்னே ஒரு கடற்பயணம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூர்போன் என்று வழங்கிய ரீயூனியன் தீவில், வேலிச்செடிகளாக நின்ற சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து புதுவகை ஒன்று தோன்றியது என்பர். அதன் விதைகள் பிரான்சுக்குச் சென்றன. பூர்போன் ரோஜாக்கள் என்னும் குடும்பம் பிறந்தது. அச்செடி இந்தியாவிலிருந்தே அத்தீவுக்குச் சென்றிருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.

நூற்பெயர் என்பதனாலேயே ஒரு பெயர் உண்மையாகிவிடாது. சீனத்து ரோஜாக்கள் கல்கத்தா வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் பிரெஞ்சுக்காரர் அவற்றை ‘வங்க ரோஜா’ என்று அழைத்தனர். ‘ரோசா இண்டிகா’ என்னும் இலத்தீன் பெயரும் அவற்றிற்கு வழங்கியது. கப்பல் நின்ற துறைமுகமே செடியின் தாயகம் ஆகிவிட்டது! மறுபுறம், நீலகிரியிலும் பழனி மலையிலும் இயல்பாக வளரும் வெண்ணிறக் காட்டு ரோஜா, புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் லெஷனோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘ரோஜா’ என்னும் சொல்லே போர்ச்சுக்கீசியம் தந்தது.

எனவே, பெயரிடுவதற்கு முன் உற்றுநோக்கல் வேண்டும். பூவின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வோரே மிகுதி. நிறமோ வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். சிற்றிலைகளின் எண்ணிக்கை, இலைக்காம்பின் அடியிலுள்ள இலையடிச் செதிலின் விளிம்பு, புல்லிகளின் வடிவம், முள்ளின் வளைவு, காயின் தோற்றம், பூக்கும் மாதங்கள், மணம் ஆகியவை நம்பத்தக்க சான்றுகள். (ரோஜாவின் முள், தாவரவியல் நோக்கில் முள்ளே அன்று, மேற்றோலின் வளர்ச்சி. அதனால்தான் அதை எளிதில் ஒடித்துவிட முடிகிறது.) இவற்றினும் பெரிய பொறி ஒன்றுண்டு. எட்வர்ட் ரோஜா பிற வகைகளை ஒட்டுவதற்கு வேர்ச்செடியாகவும் பயன்படுகிறது. மேலே ஒட்டிய வகை பட்டுப்போக, அடியிலிருந்து வேர்ச்செடி தளிர்த்து வளர்ந்து பூக்கும். வீட்டாரோ தாம் வாங்கிய பழைய செடியே உயிர்பெற்றதாக நம்புவர். தண்டின் அடியில் ஒட்டின் முடிச்சு உள்ளதா என்று காணாமல் எழுதும் பெயர் பிழையாகக்கூடும்.

பெயர் உறுதிப்படாத செடியை என்ன செய்வது? அட்லாண்டிக் தீவாகிய பெர்முடா இதற்கு வழி காட்டுகிறது. அங்குள்ள தோட்டங்களில் பெயர் மறந்துபோன பழைய ரோஜாக்கள் பல இருந்தன. 1954இல் தொடங்கப்பெற்ற பெர்முடா ரோஜாச் சங்கத்தார் அவற்றின்மேல் ஐரோப்பியப் பெயர்களை வலிந்து ஏற்றவில்லை. ‘மர்ம ரோஜாக்கள்’ என்று வகைப்படுத்திக் கிடைத்த ஊரின் பெயரையோ வளர்த்தவரின் பெயரையோ சூட்டினர். உண்மைப் பெயர் தெரியவந்தால் மாற்றிக்கொள்ளலாம். தெரியாவிடினும் செடி காணாமற்போகாது. இம்முறையே தாமிரபரணிப் பகுதிக்கும் ஏற்றது. ஊர்ப்பெயர்கள் குழப்பத்தைப் பெருக்கும் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் தடை. கிடைத்த இடமும் நாளும் அடையாளங்களும் உடன் எழுதப்படுமாயின் குழப்பம் எழாது. சான்றில்லாத பெயரே குழப்பம் தருவது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த 99 மலர்களுள் சில எவையென இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. பெயர் எஞ்சியது; பெயருக்குரிய செடியைச் சுட்டும் கைதான் இல்லை. முற்றத்து ரோஜாக்களின் நிலையோ இதற்கு மாறானது: செடி கண்முன் நிற்கிறது, பெயர்தான் இல்லை. இது எளிதில் தீர்க்கக்கூடிய சிக்கல்.

செடியை நட்டவரையோ அவர் வழியினரையோ வினவுதல் முதற்பணி. எந்த ஊரிலிருந்து குச்சி வந்தது என்பதை வீட்டின் முதியவளே பெரும்பாலும் அறிவாள். பூவும் இலையும் உள்ள கிளையைத் தாளிடையே அழுத்தி உலர்த்தி வைக்கலாம். அடுத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சிகளை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, இரண்டு வீடுகளிலேனும் நட வேண்டும். ஒன்று பட்டாலும் மற்றொன்று நிற்கும். தொட்டியில் கட்டும் அட்டையில் மையால் எழுதினால் முதல் மழையிலேயே கரையும். பென்சிலால் எழுதுவது நிலைக்கும். ‘வண்ணார்பேட்டை இளஞ்சிவப்பு’ என்று எழுதி, அருகில் ஆண்டையும் குறித்தால் இப்போதைக்குப் போதும்.