ஆயுசைக் கேட்பது அபசகுனமா?

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசிச் செய்திகளில் இது ஒன்று: "அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் கேன்சராம். பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது." கேட்டவுடன் குடும்பத்தில் இரண்டு குரல்கள் எழும். "எவ்வளவு செலவானாலும் சரி, உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லுங்கள்" என்பது ஒன்று. "இந்த வயசுக்கு மேல் ஏன் உடம்பைப் போட்டுப் படுத்த வேண்டும்?" என்பது மற்றொன்று. இரண்டும் பாசத்தில் பிறந்தவைதான். ஆனால் இரு தரப்பாரும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த நோயே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்?

ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஆயுள் பலம் பார்க்க நாம் கூச்சப்படுவதில்லை. அதையே டாக்டரிடம் கேட்பது மட்டும் அபசகுனமாகத் தோன்றுகிறது. இந்தக் கூச்சத்தை நாம் விட வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் இதுதான். சுரப்பியைத் தாண்டிப் பரவாத புராஸ்டேட் கேன்சர் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. ஆபரேஷனாலோ கதிர்வீச்சாலோ ஆயுள் கூடுமென்றால், அந்தப் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்ற தொல்லைகளோ உடனே வந்துவிடலாம். அதனால்தான், இன்னும் 10 ஆண்டுகளாவது வாழ வாய்ப்புள்ளவருக்கே இத்தகைய நோயில் முழு சிகிச்சையை யோசிக்க வேண்டும் என்பதை யூராலஜி மருத்துவர்கள் பொது விதியாக வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட 50 முதல் 69 வயதுள்ள 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்குக் கண்காணிப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 15 ஆண்டுப் பலன் 2023ல் வெளிவந்தது. இறந்தவர்கள் 356 பேர். அவர்களில் புராஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் 45 பேர் மட்டுமே. அந்த எண்ணிக்கையில் மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவர்களைக் கொண்டுபோனது வேறு காரணங்கள்.

சரி, ஆயுளை எப்படி மதிப்பிடுவது? இங்கேதான் நம்மவர்கள் ஒரு கணக்கில் தவறுகிறார்கள். "இந்தியர்களின் சராசரி ஆயுள் 70, அப்பாவுக்கு 72 ஆகிவிட்டதே" என்பார்கள். அந்த 70 என்பது பிறக்கும் குழந்தைக்கான சராசரி. இளவயதில் இறந்தவர்களும் அதில் அடக்கம். 70ஐ எட்டிவிட்ட ஓர் ஆணுக்கு நம் நாட்டில் ஏறத்தாழ 11 ஆண்டுகள் இன்னும் மீதம் உண்டு. அதுவும் சராசரிதான். சிலருக்கு 20, சிலருக்கு 3.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளியவன். எந்தத் தண்டவாளத்தையும் போட்ட வருஷத்தை மட்டும் பார்த்து நாங்கள் மாற்றியதில்லை. எத்தனை டன் சுமை அதன்மேல் ஓடியது, எவ்வளவு தேய்ந்தது, எத்தனை முறை முறிந்தது என்றுதான் பார்ப்போம். அல்ட்ராசோனிக் கருவி உள்ளே குறை காட்டினால், உடனே எடுக்க வேண்டியதற்கு மூன்று சிவப்புப் பெருக்கல் குறி. கண்காணிக்க வேண்டியதற்கு ஒரே குறி. ஒரு குறி போட்டதை நாங்கள் கைவிட்டதாக அர்த்தமில்லை. அடிக்கடி போய்ப் பார்ப்போம்.

மனித உடம்பையும் டாக்டர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். இருதயம், சிறுநீரகம், சர்க்கரை, புகைப்பழக்கம், சாப்பாடு, எடை குறைகிறதா, தன் வேலையைத் தானே செய்கிறாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். நடை வேகம்கூட ஓர் அளவுகோல். 34,485 முதியவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2011ல் வெளிவந்தது. வழக்கமான நடையில் 4 மீட்டரை 5 விநாடியில் கடப்பவர் தம் வயதுக்குரிய சராசரி ஆயுளையும், 4 விநாடிக்குள் கடப்பவர் அதைவிடக் கூடுதலான ஆயுளையும் எதிர்பார்க்கலாம் என்று அது காட்டியது. இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனாலும் பிறந்த தேதியைவிட இது அதிகம் சொல்லும்.

நான் வசிக்கும் தடா, ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. இங்கிருந்து வைத்தியத்துக்குச் சிலர் சூளூர்பேட்டை லோக்கலில் ஏறிச் சென்னைக்குப் போவார்கள். சிலர் திருப்பதி ஸ்விம்ஸுக்குப் போவார்கள். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் இருவருக்கும் 74 வயது. ஒருவர் தினமும் நடந்தே மார்க்கெட் போய் மீன் வாங்கி வருகிறவர். மற்றவர் இருதய நோயால் வாசல்படி இறங்கவே இளைக்கிறவர். முதலாமவருக்கு "வயசாகிவிட்டது" என்று வைத்தியத்தைத் தட்டிக்கழிப்பதும், இரண்டாமவரை "ரோபோ ஆபரேஷன்" என்று அலைக்கழிப்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். இருவரையும் வயதை மட்டும் வைத்து எடை போட்ட தப்பு அது.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜோ பைடனுக்கு 2025 மே மாதம், 82 வயதில், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் கேன்சர் கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்குக் கடைசியாக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தது 2014ல் என்று அவர் தரப்பில் கூறினார்கள். 70 வயதுக்கு மேல் அந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பது அந்நாட்டு நிபுணர் குழுவின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. பொதுமக்களுக்கு ஒரு வயதுக்கோடு தேவைதான். ஆனால் நம் வீட்டுப் பெரியவர் பொதுமக்கள் அல்லர். ஒரு தனி மனிதர்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேகமாகப் பரவும் வகைக்கும், எலும்பில் வலி எடுத்துவிட்ட நோய்க்கும் எந்த வயதிலும் வைத்தியம் உண்டு. கேன்சர் இல்லாத சாதாரண புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டால், அதற்கும் இந்தப் பத்தாண்டு விதி பொருந்தாது. அந்த ஆபரேஷனின் பலன் சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை அப்படி ஒரு போன் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இந்த நோய் வேகமானதா, மெதுவானதா? இதை விட்டுவிட்டால், இவருடைய மற்ற உடல்நிலைக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் எதிர்பார்க்கலாம்? வைத்தியத்தின் பலன் எப்போது வரும், தொல்லை எப்போது வரும்? துல்லியமான பதில் எந்த டாக்டராலும் தர முடியாது. "ஐந்துக்குள்", "பத்துக்கு மேல்" என்று ஒரு மதிப்பீடு கிடைத்தாலே போதும்.

நான்காவது கேள்வி அப்பாவிடம் கேட்க வேண்டியது: "உங்களுக்கு எப்படி இருக்க ஆசை?" நாலு நாட்டில் இருக்கும் பிள்ளைகள் நடுராத்திரியில் கூடிப் பேசி முடிவெடுக்கும்போது, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை யாரும் கேட்பதில்லை. மீதமிருக்கும் ஆண்டுகள் அவருடையவை. அவற்றை எப்படிச் செலவிடுவது என்று சொல்லும் முதல் உரிமையும் அவருக்கே.