ஆழாக்கா, தராசா?

இட்லிக்கு அரைக்க உட்காரும் பாட்டி தராசைத் தேடுவதில்லை. நாலு ஆழாக்குப் புழுங்கலரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து, தீர்ந்தது கணக்கு! ஆழாக்கு இல்லையென்றால் டம்ளர், அதுவும் இல்லையென்றால் கிண்ணம். இரண்டுக்கும் ஒரே பாத்திரமாக இருந்தால் சரி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று வழிவழியாக வந்த முகத்தலளவை இது. இதைப் பழம்பஞ்சாங்கம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆனால் புதுச்சேரி அடுப்படிகளில் பிரெஞ்சுப் பக்குவமும் கலந்திருக்கிறது. 1954-ல் நிர்வாகம் கைமாறிய பிறகும், கிறிஸ்துமஸ் கேக் மணம் மாறவில்லை. பிரெஞ்சுக் குறிப்புகளிலோ மாவு இத்தனை கிராம், வெண்ணெய் இத்தனை கிராம் என்றுதான் இருக்கும். கிராம் என்ற அளவே 1795-ல் பிரான்ஸில் சட்டமானதுதானே! நம் தேசத்தில் 1956-ல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவைக் கொண்டுவந்தார்கள். கடையிலிருந்து பலமும் வீசையும் போய்விட்டன. அடுப்படியில் மட்டும் டம்ளர் அசையவில்லை. சங்கடம் அங்கேதான்.

'கத்ர்-கார்' என்ற பிரெஞ்சு கேக்கைப் பாருங்கள். 'நான்கு கால் பங்கு' என்று அதற்குப் பொருள். முட்டை, மைதா, சர்க்கரை, வெண்ணெய் நான்கும் சம எடை. "சமம்தானே?" என்று எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் வந்தது மோசம்! 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் சலித்த மைதா சுமார் 100 கிராம்தான் நிற்கும். சர்க்கரை 170 கிராம், வெண்ணெய் 185 கிராம். மைதாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வெண்ணெய் சேர்ந்தால் கேக் நடுவில் அமுங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய வெண்ணெய் வீண்.

பிரெஞ்சுப் பெண்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். தராசின் ஒரு தட்டில் நாலு முட்டையை ஓட்டோடு வையுங்கள். மறு தட்டில் மைதாவை அதற்குச் சமமாக நிறுத்தெடுங்கள். பிறகு சர்க்கரை, பிறகு வெண்ணெய். படிக்கல்லே தேவையில்லை!

வீட்டில் தராசு இல்லையா? அரைக் கிலோ மைதாப் பொட்டலத்தைப் பிரித்துச் சலித்து, உங்கள் டம்ளரால் தலைதட்டி அளந்து பாருங்கள். ஐந்து டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 100 கிராம். சர்க்கரை மூன்று டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் சுமார் 167 கிராம். ரவை, கடலை மாவு எல்லாவற்றுக்கும் இப்படியே பார்த்து, அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு முறை பட்ட சிரமம் ஆயுளுக்கும் உதவும். கோபுரமாக அள்ளுவதும், மாவை அழுத்தி நிரப்புவதும் கூடாது, கணக்கு தப்பிவிடும்.

இன்னொன்று. இந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் பெண்ணோ பிள்ளையோ பிரான்ஸில் குடியிருக்கிறார்கள். "அம்மா, அதிரசத்துக்கு மாவு எத்தனை கிராம்?" என்று அங்கிருந்து பெண் கேட்டால், "நம் வீட்டுப் பித்தளை டம்ளரால் மூன்று" என்ற பதில் அவளுக்கு எப்படிப் பயன்படும்? அந்த டம்ளர் இங்கே அல்லவா இருக்கிறது! மாமியாரும் தாயாரும் அளந்து காட்டும் நாளிலேயே, அவர்கள் கையால் எடுத்ததை ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். பாத்திரம் தொலைந்தாலும் பக்குவம் தொலையாது.