பிள்ளைக்கொரு கணக்கு

எமது பாடசாலையின் கணினி அறையில் லினக்ஸில் இயங்கும் ஆறு கணினிகள் உள. அவை அனைத்திற்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் போதும் என்பது பெற்றார் சிலரின் கருத்து. வார இறுதியில் இரண்டு மணி நேரம் வந்து போகும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு எதற்கு என வினவுகின்றனர். நாம் இதற்கு உடன்படவில்லை.

பொதுக் கணக்கில் ஒரு பிள்ளை எழுதிய கட்டுரையை மற்றொரு பிள்ளை அழித்துவிடலாம். அழித்தவர் யாரெனக் கணினியும் அறியாது. பழியோ, குழப்படிகாரன் என ஏற்கெனவே பெயரெடுத்த பிள்ளையின் தலையில் விழும். ஊரில் ஆசிரியராயிருந்த காலந்தொட்டு நாம் கண்டுவரும் அநீதி இது.

அதற்காக ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே கணக்குத் திறப்பதும் தகாது. லினக்ஸ் ஆளைப் பெயரால் அன்றி எண்ணாலேயே அறியும். (எம்மவர் பலர் அகதி விண்ணப்பத்தில் எண்ணாக நின்றவர்களே, அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) டெபியன் வகையில் சாதாரணப் பயனர் எண்கள் 1000 இலிருந்து வரிசையாக வழங்கப்படும். ஒரு கணினியில் 1003 அண்ணனுக்கும், மற்றொன்றில் அதே 1003 தங்கைக்கும் அமைந்தால், எண்ணை மட்டும் நம்பும் வழக்கமான என்.எவ்.எஸ். பகிர்வில் அண்ணனின் கோப்புகள் தங்கைக்கு உரியனவாகிவிடும்.

வகுப்புக்கு ஓர் இடாப்பு இருப்பதுபோல ஆறு கணினிகளுக்கும் ஒரே பதிவேடு வேண்டும். முன்னர் சன் நிறுவனத்தின் என்.ஐ.எஸ். இதற்குப் பயன்பட்டது. இன்று எல்டாப் முறையே சாலச் சிறந்தது. அப்பெயர் எமது காதில் இடாப்பு என்றே விழுகின்றது! ஓரிடத்தில் பதிந்தால், பிள்ளை எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அதே பெயரும் எண்ணும் செல்லும். கடவுச்சொல் மறந்தால் புதியதை ஆசிரியர் இடலாம். முறையாகச் சேமிக்கப்பட்ட பழையதை அவராலும் வாசிக்க இயலாது.

எனினும் எண் 0 உடைய ரூட் கணக்கு, கணினியிலுள்ள எக்கோப்பையும் திறக்க வல்லது. பெற்றார் கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுவே. அவ்வதிகாரம் ஒருவரிடம் மாத்திரம் இருந்தால் அவர் வேறு நகருக்குப் பெயரும்போது பாடசாலை பூட்டிய கதவின் முன் நிற்கும். எல்லோரிடமும் இருந்தால் கதவே இராது. இரு ஆசிரியர்கள் அறிந்திருக்க, முத்திரையிட்ட உறையொன்று நிருவாகக் குழுவிடம் இருக்கட்டும்.

விலகிச் செல்லும் பிள்ளையின் கணக்கை உடனே அழித்தலும் ஆகாது. கணக்கு நீங்கினும் பகிர்விடத்தில் உள்ள கோப்புகள் பழைய எண்ணுடனேயே கிடக்கும். அவ்வெண்ணைப் புதிய பிள்ளைக்கு வழங்கினால் அவை அப்பிள்ளைக்குரியன ஆகும். ஆகவே முதலில் கணக்கைப் பூட்டி, ஆக்கங்களைப் படியெடுத்துப் பிள்ளையிடம் கையளித்து, அவ்வெண்ணை எவருக்கும் மீள வழங்காதிருத்தல் வேண்டும். அடுத்த தவணை தொடங்குமுன் இதனைச் செய்து முடிக்கப் பெற்றாருள் கணினி அறிந்த இருவர் முன்வருவாராயின், இரண்டு சனிக்கிழமைகள் போதும்.